ட்ராட், ப்ளைமி, பச்சையம்மாளின் சாபம்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பெண்கள் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தந்தார்கள். மூவரும் இப்போது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாக இருப்பவர்கள். காரியம் இல்லாமல், அதே வேலையிலிருந்து ஓய்வுபெற்றவளுக்கு யாரும் கூடுதலாக அப்பளம் கேட்டு வாங்கித் தரமாட்டார்கள் என்பதால் பொறுமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றும்போது விஷயம் வந்தது. கைத்தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறதாம். தமிழில் பேசினால் அதுவே ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லிவிடுமாம். "நாளைக்கு எங்க வேலைய இது எடுத்துக்குமா ஆன்டி?" என்று கேட்டாள் மூவரில் சின்னவளான யோகேஸ்வரி. சோதித்துப் பாருங்கள் என்று என் இலைப் பக்கம் அதை நீட்டினாள்.

"உன் கண்ணு அவிஞ்சு போவ" என்று அதனிடம் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் கையில் சோற்றுடன் திரும்பிப் பார்த்தார். செயலி சற்று யோசித்துவிட்டு, உங்கள் கண்கள் நன்றாக வெந்துவிட்டன என்று இனிமையான ஆங்கிலத்தில் சொன்னது. பெண்கள் மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நான் கிள்ளான் நீதிமன்றத்தில், சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். ரொம்ப நீளமாக வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டாவது வேண்டுகோளுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, மூன்று மொழிகளில் பரீட்சை எழுதி, சில மாதம் பயிற்சி என்ற பெயரில் கோப்பு சுமந்து, கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பாளர் என்றால் மொழிபெயர்ப்பது மட்டும்தான் வேலை என்று நினைத்து வந்தவள், வழக்கு எண்ணைக் கூப்பிடுவது, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவது, சாட்சிக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுப்பது, சான்றுப் பொருளுக்குச் சீட்டு ஒட்டுவது எல்லாம் என் தலையில்தான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். மின்விசிறி நின்றால் அதைத் தட்டிவிடுவதும் நாங்கள்தான்.

எனக்கு மேலே இருந்தவர் தலைமை மொழிபெயர்ப்பாளர் மிஸ்டர் சாமுவேல். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் நான்காக மடித்த கைக்குட்டை எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர். மற்ற ஆறு நாளும் எங்களுக்கு வாசிப்பார். அவருடைய சட்டம் எளிது. சாட்சி "நான்" என்றால் நீயும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று வால் சேர்க்கக் கூடாது. சேர்க்காதே, குறைக்காதே, இனிப்பாக்காதே. முக்கியமாக, மாஜிஸ்திரேட்டின் பேனாவைப் பார். அந்தக் காலத்தில் சாட்சியம் முழுவதையும் மாஜிஸ்திரேட் கையால் எழுதிக்கொள்வார். பேனா நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் வாயைத் திறந்தால் சாமுவேல் பின்னாலிருந்து தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்தே நான் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். வசைச்சொல் அவர் வாயில் வராது. வேதம் வாசிக்கும் நாக்கு என்பார். அதனால் அடிதடி, குடிச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை, வாய்க்கால் சண்டை, எதில் சாபமும் வசவும் இருந்தாலும் கோப்பு என் மேசைக்கு வந்துவிடும். கல்யாணமாகாத பெண் இதையெல்லாம் சொல்லலாமா என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றியதில்லை. அவர் நாக்கு பத்திரமாக இருந்தால் போதும். இப்படித்தான் மூன்றே ஆண்டில் நான் கிள்ளான் வட்டாரத்தின் சாப நிபுணி ஆனேன்.

அப்படிப்பட்டவர் எரிச்சல் வந்தால் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் எரிச்சல்படுவார். கோப்புக் கயிறு அறுந்தால் "ட்ராட்". விசிறி நின்றால் "ப்ளைமி". வக்கீல் வாய்தா கேட்டால் "டாஷ் இட்". யாராவது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் "ஜவுண்ட்ஸ்". வெள்ளைக்காரர்களே மறந்துபோன சொற்களை அவர் தோய்த்து இஸ்திரி போட்டு வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் அது சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். இவ்வளவு சாதுவாக ஒருவர் கோபப்பட முடியுமா என்று வியப்போம்.

ஒருநாள் வேலை குறைவு. நூலகம் என்று நாங்கள் அழைத்த அலமாரியில் இருந்த தடித்த ஆங்கில அகராதியை எடுத்து, ட்ராட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு அகராதியை மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். கடவுள் உன்னை அழுகச் செய்யட்டும் என்பதுதான் அது. கடவுள் பெயரைச் சொல்லப் பயந்து அந்தச் சொல்லின் தலையை வெட்டி, மிச்சத்தையும் சப்பிச் சப்பி, கடைசியில் ட்ராட் ஆக்கியிருக்கிறார்கள். ப்ளைமி? கடவுள் என்னைக் குருடாக்கட்டும். ஜவுண்ட்ஸ் என்பது கடவுளின் காயங்கள், அதாவது சிலுவையில் பட்டவை. காட்சூக்ஸ் என்று ஒன்று. அது சிலுவையில் அடித்த ஆணிகள் என்று ஒரு கட்சி, உறுதியில்லை என்று இன்னொரு கட்சி. க்ரைக்கி, காஷ், கோலி எல்லாம் ஏசுவும் பிதாவும் மாறுவேடத்தில் போவதுதான். இதில் எனக்குப் பிடித்தது டாஷ் இட். அச்சில் கெட்ட வார்த்தை வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள் அல்லவா, அந்தக் கோட்டையே வாயால் சொல்லப் பழகிவிட்டார்கள். நாடக மேடையில் கடவுள் பெயரை இழுத்தால் அபராதம் என்று அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் சட்டமே இருந்ததாம்.

நமக்கு அந்தப் பயம் இல்லை. கால் இடறினால் முருகனை முழுப் பெயரோடு கூப்பிடுவோம். எரிச்சலுக்கு அவரைத் தொந்தரவு செய்யாமல் ஒரு கிரகத்தையே வைத்துக்கொண்டோம். பேனா மை தீர்ந்தாலும் சனியன், பேருந்து வராவிட்டாலும் சனியன். கருமம், எழவு என்று முன்வினையையும் சாவு வீட்டையும் அன்றாடப் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டோம். மலாய்க்கார அண்ணன்மார் சாவையே எரிச்சலுக்கு எடுத்து மாம்புஸ் என்பார்கள். எல்லா ஊரிலும் கதை ஒன்றுதான். யாரோ ஒருவர் வயிறெரிந்து சொன்னதை அடுத்தவர்கள் வாயில் போட்டு மென்று மென்று சக்கை ஆக்கிவிட்டார்கள்.

வேதம் வாசிக்கும் நாக்கு நாள் முழுக்கக் கடவுளிடம் அடுத்தவரை அழுகச் செய்யச் சொல்கிறது என்பதை நான் சாமுவேலிடம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒரே நாளில் செலவழிக்க மனம் வரவில்லை. ஆனால் நீதிமன்றக் கேன்டீனில், தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டு, நாலு பேரிடம் சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவர் இளம் வழக்கறிஞர் ராஜரத்தினம். கட்டணமில்லாமல் ஏழைகளுக்கு வாதாடுபவர். நல்லவர்தான், கூட்டம் இருந்தால் இன்னும் நல்லவர்.

இனி பச்சையம்மாள் வழக்கு.

பச்சையம்மாள் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சாக்கு தைக்கும் வேலை செய்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் செல்வி. தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு நல்ல இடம் கூடி வந்து, நிச்சயம் வரைக்கும் போனது. நம் வழக்கம் தெரியுமே. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் பெண் இருக்கும் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்து விசாரிப்பார்கள். வீட்டில் போய் விசாரிக்க மாட்டார்கள். மளிகைக் கடையில் விசாரிப்பார்கள். கடைக்காரர் குணசேகரன், பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று சொல்லிவிட்டார். அது பொய். மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போனார்கள். பிறகு வந்த இரண்டு இடமும் அதே கடை வாசல் வரை வந்து திரும்பின.

விஷயம் காதுக்கு எட்டியதும் பச்சையம்மாள் கடைக்குப் போனார். சாபம் கொடுப்பதற்கு மண் வாரித் தூற்ற வேண்டும். கடை வாசல் முழுக்கச் சிமெண்ட். மண்ணுக்கு எங்கே போவது? குணசேகரன் ராசிக்காக வாசலில் வைத்திருந்த பூந்தொட்டியிலிருந்தே ஒரு கை அள்ளி, அவர் முன்னால் தூற்றி, "பொய் சொன்ன உன் நாக்கு அழுகிப் போவும், நல்லா இருக்கறத பாத்தும் பாக்காத மாதிரி நின்ன உன் கண்ணு அவிஞ்சு போவும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சில நாளில் குணசேகரனுக்குக் கண் சிவந்து வீங்கியது. அந்த மாதம் கிள்ளானில் பாதிப் பேருக்குக் கண்வலி. ஆனால் மீதிப் பேருக்குச் சொட்டு மருந்தில் போனது, இவருக்குப் போகவில்லை. கோயிலில் கேட்டார். கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பச்சையம்மாள் வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. போலீசில் புகார் கொடுத்தால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், நீதிமன்றம் உத்தரவு போட்டால் அந்த அம்மாள் சாபத்தை வாபஸ் வாங்கித்தானே ஆகவேண்டும்? அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். போலீசார் அதைக் குற்றமிரட்டல் என்று பதிந்துகொண்டார்கள். குற்றம் உறுதியானால் சிறைகூட உண்டு.

அந்தக் காலத்தில் கீழ் நீதிமன்றங்களில் ஆங்கிலம் இன்னும் முழுதாக விடைபெறவில்லை. மாஜிஸ்திரேட் வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த இளைஞர். குணசேகரன் கறுப்புக் கண்ணாடியோடு கூண்டேறி, நடந்ததைச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டாரிடம் தான் பேசியதை மட்டும் விட்டுவிட்டு. அரசுத் தரப்பு பிளாஸ்டிக் பையில் மண்ணையும், பக்கத்தில் பூந்தொட்டியையும் கொண்டுவந்து வைத்தது. இரண்டுக்கும் நான்தான் சீட்டு ஒட்டினேன். சாபத்தை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது மாஜிஸ்திரேட்டின் பேனா ஒரு தடவை நின்று என்னைப் பார்த்தது. மறுபடி சொன்னேன். பின்னாலிருந்து செருமல் வரவில்லை. சாமுவேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சையம்மாளுக்காக வாதாட வந்த ராஜரத்தினத்தின் திட்டம் இதுதான். மகள் கல்யாணம் நின்ற கதை வெளியே வரவே கூடாது. வந்தால் இந்த அம்மாளுக்குப் பகை இருந்தது என்று ஆகிவிடும், மிரட்டல் நிரூபணமாகிவிடும். வெறும் எரிச்சலில் வந்த வார்த்தை என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பச்சையம்மாளிடம் இதைத் தாழ்வாரத்தில் வைத்து விளக்கினார். அவர் தலையாட்டினாரா, தலைவலிக்கு நெற்றியைத் தேய்த்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வாதத்தைத் தொடங்கும்போதுதான் கேன்டீனில் நான் விற்ற சரக்கு வெளியே வந்தது. "துவான், ஆங்கிலேயர்கள் ட்ராட் என்கிறார்கள். அது கடவுள் அழுகச் செய்யட்டும் என்பது. ப்ளைமி என்கிறார்கள். அது கடவுள் குருடாக்கட்டும் என்பது. என் கட்சிக்காரர் சொன்னதும் அழுகுவதும் குருடாவதும்தான். ப்ளைமி சொன்னதற்காக யாரையாவது சிறையில் போட்டிருக்கிறோமா?" என்று மாஜிஸ்திரேட்டைக் கேட்டார். ப்ளைமியில் குருடாகச் சொல்வது தன் கண்ணைத்தான், அடுத்தவன் கண்ணை அல்ல என்ற சின்ன விஷயத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டார். வெளிநாட்டில் அந்தச் சொற்களைக் கேட்டவர் போலிருக்கிறது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கைக்குட்டை பையிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. சாமுவேல் அதன் பிறகு இரண்டு வாரம் எதற்குமே எரிச்சல்படவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, ஃபிடில்ஸ்டிக்ஸ் என்பது எதிலிருந்து வந்தது என்று மெதுவாக விசாரித்தார். பிடில் வாசிக்கும் குச்சி மட்டும்தான், வேறு கலப்பில்லை என்று சொன்னேன். ஓய்வுபெறும்வரை அதையே வைத்துக்கொண்டார்.

பச்சையம்மாள் கூண்டேறினார். உறுதிமொழி சொல்லிக்கொடுத்தேன். அழுத்தமாகத் திரும்பச் சொன்னார். ராஜரத்தினம் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அன்று நீங்கள் கடைவாசலில் சொன்னது, நாமெல்லாம் எரிச்சலில் சனியன், கருமம் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி வாய்க்கு வந்த ஒரு வார்த்தைதானே?

பச்சையம்மாள் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. வாய்க்கு வந்தத சொல்லல. ராத்திரியெல்லாம் யோசிச்சு, காலையில தலைக்கு ஊத்திட்டுப் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் மனசாரச் சொன்னேன்."

ராஜரத்தினத்துக்குத் தமிழ் தெரியும். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல், "கோவத்துல சொன்னேன்னு சொல்லிடுங்க லா" என்றார். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாது. வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. பேனா காத்துக்கொண்டிருந்தது. கோபத்தில் சொன்னேன் என்று நான் சொன்னால் அந்த அம்மாள் சாயங்காலம் வீட்டில் சோறு வடிப்பார். உள்ளபடி சொன்னால் அவரைச் சிறைக்கு அனுப்பும் வாக்கியத்தை என் வாயால் நானே சொன்னதாகும், அதுவும் "நான்" என்று. பயமாக இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் சொன்னதைச் சொல், அவ்வளவுதான். அவருக்கிருந்த ஒரே சொத்து அந்த வார்த்தை. அதையும் நாங்கள் படித்தவர்கள் சேர்ந்து சக்கையாக்கிக்கொண்டிருந்தோம். அகராதி எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

உள்ளபடி சொன்னேன். தலைக்கு ஊற்றியதையும் விடவில்லை.

மாஜிஸ்திரேட்டின் சிரிப்பு போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வக்கீலை ஒதுக்கி, நேராக அந்த அம்மாளைக் கேட்டார்: ஏன்?

பச்சையம்மாள் சொன்னார். மகளைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, அடுத்து வந்த இரண்டு இடங்களைப் பற்றி. அழவில்லை. "நான் சொன்னதுக்குக் கோர்ட்டு இருக்கு. இவன் சொன்னதுக்கு எந்தக் கோர்ட்டு துவான்?" என்று முடித்தார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அதுவரை என் வேலையில் அப்படி நடந்ததில்லை.

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குணசேகரன் எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. மாஜிஸ்திரேட் அவரை மறுபடி கூண்டுக்கு வரச் சொன்னார். நான் மறுபடி உறுதிமொழி சொல்லிக்கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"நான் சொன்னது பொய் துவான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இவங்க எங்க கடையில சாமான் எடுக்கறத நிறுத்திட்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாங்க. அந்தக் கடுப்புல சொல்லிட்டேன்."

இதையும் "நான்" என்றே சொன்னேன். காலையில் சாபமும் நான்தான், மதியம் பாவமும் நான்தான். பெஞ்சில் இருந்த தாமான்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது பெட்டாலிங் ஜெயா வரை போயிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர், வழக்கைத் தொடர விருப்பமா என்று குணசேகரனைக் கேட்டார். வேண்டாம், அந்த அம்மா வாயால் சாபத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்றார் அவர். அப்படி உத்தரவிடும் அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு இல்லை என்று மாஜிஸ்திரேட் விளக்கினார். விளக்கிவிட்டு, அதிகாரம் இல்லாதவர் மாதிரியே, பச்சையம்மாளைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம்.

பச்சையம்மாள் குணசேகரனின் கண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சரி. கண்ண எடுத்துக்கறேன். நாக்கு இருக்கட்டும்."

மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார், யோசித்தார், எதையோ எழுதினார். வழக்கு அத்தோடு முடித்துவைக்கப்பட்டது. பூந்தொட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது குணசேகரன் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே படிக்கட்டில் பச்சையம்மாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சிகளோடு பேசக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. பேசினேன். நாக்கையும் எடுத்திருக்கலாமே அக்கா, அந்த மனுஷன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாரே என்றேன்.

"அவன் நாக்கு அழுகாது தங்கச்சி. அது எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா நாளைக்கு வேற யாரோ வந்து வேற யாரோட பொண்ணப் பத்தியோ அவன்கிட்ட கேப்பாங்க. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவன் ஒரு வாட்டி எச்சி முழுங்கணும். அதுக்குத்தான் விட்டு வச்சிருக்கேன்."